புது சிகிச்சைக்காகக் கீமோவைத் தள்ளிவைக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். அப்பா அம்மா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார்கள். தங்கைக்கு வயது 24. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வலது முழங்காலுக்கு மேலே ஒரு கட்டி வந்தது. கொழுப்புக் கட்டி என்று சொல்லி ஒரு நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது சைனோவியல் சர்கோமா என்ற ஒரு வகைப் புற்றுநோய் என்று வந்தது. பிறகு பெரிய மருத்துவமனையில் மறுபடி ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. இப்போது சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் சில புள்ளிகள் தெரிகின்றன, கீமோ ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், "இந்த நோய்க்கென்றே செல் சிகிச்சை வந்துவிட்டது. கீமோ எடுத்துவிட்டால் அதில் சேர முடியாது, பொறுங்கள்" என்கிறார். நிலத்தை விற்கவும் தயாராக இருக்கிறோம். புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையல் ஏதாவது இங்கேயே நடக்கிறதா? அம்மாவோ, "என் பொண்ணை எலியாக்காதீங்க" என்று அழுகிறார். தங்கையிடம் கட்டி மறுபடி வந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். புற்றுநோய் என்று இதுவரை சொல்லவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்)

பதில்:

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். நிலத்தை விற்கிற பேச்சையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சித்தப்பா மகன் சொல்வது வாட்ஸ்அப் புரளி இல்லை. அஃபாமி-செல் என்று சுருக்கமாகச் சொல்கிற அந்தச் சிகிச்சைக்கு, டெசெல்ரா என்ற வணிகப் பெயரில், 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். புற்றுநோய்ச் செல்லை அடையாளம் கண்டு தாக்குகிற மாதிரி ஆய்வகத்தில் அவற்றின் மரபணுவை மாற்றி, ஒரே ஒரு முறை திரும்ப உடம்புக்குள் ஏற்றுகிறார்கள். ரத்தப் புற்றுநோய்களில் இந்த மாதிரி சிகிச்சை முன்பே வந்துவிட்டது. கட்டியாக வளர்கிற ஒரு புற்றுநோய்க்கு இப்படி மரபணு மாற்றிய டி செல் அனுமதி பெற்றது இதுதான் முதல் முறை. அது சைனோவியல் சர்கோமாவுக்கு வந்ததில், இந்த நோயைப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

ஆனால் அவர் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்த அனுமதியே, ஏற்கெனவே கீமோ எடுத்த, ஆபரேஷனால் எடுக்க முடியாத அல்லது பரவிவிட்ட நோயாளிகளுக்குத்தான். கீமோ எடுத்தால் அந்தக் கதவு அடைபடாது, எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே நிபந்தனை. டி செல்லை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பும் ஒரு சுற்றுக் கீமோ கொடுத்து உடம்பைத் தயார்ப்படுத்துவார்கள். ஆக, காத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை. காத்திருக்கிற மாதங்களில் நோய் வளர்ந்து, மூச்சும் உடல் தெம்பும் குறைந்துவிட்டால் எந்த ட்ரையலிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நடமாட்டம் எப்படி, சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் எல்லா ஆய்விலும் ஆள் எடுப்பார்கள்.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. நோயாளியின் உடம்பில் எச்.எல்.ஏ. ஏ-02 என்ற திசு வகையின் குறிப்பிட்ட சில உட்பிரிவுகளில் ஒன்று இருக்க வேண்டும். கட்டியில் மேஜ்-ஏ4 என்ற புரதம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையாவிட்டால் அந்த மாற்றிய செல்லுக்கு அடையாளம் தெரியாது, வேலை செய்யாது. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 44 பேருக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 43 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. முழுக்க மறைந்தது இரண்டு பேருக்கு. சுருங்கியவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பலன் சுமார் ஆறு மாதம் நின்றது, சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் நின்றது. கீமோவும் கேட்காத நிலையில் வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை "குணமாக்கும் மருந்து" என்று எண்ணி நிலத்தை விற்கலாமா என்றால், கூடாது என்பதுதான் என் பதில். நிர்ணயித்த விலையே 7 லட்சம் டாலருக்கு மேல். மருத்துவமனைச் செலவு அதற்கு மேலே. எந்த நிலத்தை விற்றாலும் எட்டாத தொகை அது. விற்ற பிறகு உங்கள் அப்பா அம்மாவுக்கு எதுவும் மிஞ்சாது.

இப்போது கையில் இருப்பதைப் பார்ப்போம். சைனோவியல் சர்கோமாவில் ஒரு நல்ல விஷயம், தசை, கொழுப்பு, நரம்பு மாதிரி மென்திசுக்களில் வருகிற மற்றப் பல சர்கோமாக்களைவிட இது கீமோவுக்குக் கூடுதலாகக் கேட்கும். அதிலும் ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துக்கு நன்றாகக் கேட்கும். டாக்ஸோருபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்து 1970களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. பழைய மருந்துதானே என்று நினைக்காதீர்கள், சர்கோமாவில் புது மருந்துகளை இன்றும் பெரும்பாலும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கீமோ ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்கள் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: புள்ளிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, அவை சர்கோமாதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்புகூட ஸ்கேனில் புள்ளியாகத் தெரியும். சர்கோமாவேதான் என்றாலும், எண்ணிக்கை குறைவாக இருந்து, கீமோவுக்குக் கேட்டும்விட்டால், நெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் அவற்றை வெட்டி எடுக்கலாம். நுரையீரலுக்குப் போய்விட்டாலே எல்லாம் முடிந்தது என்பது இந்த நோயில் எப்போதும் உண்மையில்லை. பல துறை மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிற டியூமர் போர்டில் தங்கையின் ஸ்கேனை வைத்தார்களா என்று கேளுங்கள். வைக்கவில்லை என்றால் வைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ட்ரையலுக்கு வருகிறேன். புது மருந்து என்றாலே நல்ல மருந்து என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருக்கிறது, படித்த மருத்துவர்களுக்கும் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஓலாராட்டுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. 133 பேரிடம் நடந்த ஆய்வில், டாக்ஸோருபிசினோடு இதையும் சேர்த்தவர்கள் சராசரியாக 26 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், டாக்ஸோருபிசின் மட்டும் எடுத்தவர்கள் சுமார் 15 மாதம். சர்கோமா உலகமே கொண்டாடியது. அப்புறம் 509 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்தது. 2019இல் முடிவு வந்தபோது, அந்த மருந்தைச் சேர்த்ததால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பெரிய ஆய்வு மட்டும் நடந்திருக்காவிட்டால், இன்றைக்கு உங்களைப் போன்ற ஒரு அண்ணன் அந்த மருந்துக்காகக் கடன் வாங்கிக்கொண்டிருப்பார், என்னைப் போன்ற ஒரு மருத்துவர் நல்ல எண்ணத்தோடு அதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். இதை நினைத்தால்தான் ட்ரையல்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

நேர்மாறான கதையும் இருக்கிறது, அதை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும். ரேப்டோமயோசர்கோமா என்பது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் மென்திசுப் புற்றுநோய். அதில் மறுபடி வரும் அபாயம் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு, வழக்கமான சிகிச்சை முடிந்து நோய் மறைந்த பிறகு, இன்னும் ஆறு மாதம் குறைந்த அளவில் இரண்டு பழைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்: வினோரெல்பினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும். 371 பிள்ளைகளைச் சேர்க்கப் பல நாடுகள் கூடி பத்து வருடம் ஆயிற்று. 2019இல் முடிவு வந்தது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், அந்த ஆறு மாத மருந்து எடுக்காத பக்கம் 74 சதவீதம், எடுத்த பக்கம் 86 சதவீதம். எட்டாத விலை மருந்தோ ஹைடெக் செல்லோ அதில் கிடையாது. அந்த இரண்டு மருந்தும் சேலத்திலேயே கிடைக்கும். பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளை ஒரு ஆய்வில் சேர்த்ததால் நமக்குக் கிடைத்த விடை அது.

அம்மாவின் பயத்தைத் தயவுசெய்து அறியாமை என்று ஒதுக்காதீர்கள். அது காரணமில்லாமல் வந்ததில்லை. நம் நாட்டில் ஏழைகளிடம் சரியாக விளக்காமலே கையெழுத்து வாங்கி மருந்தைப் பரிசோதித்ததாகப் புகார்கள் எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் விதிகளை இறுக்கினார்கள். பிறகு 2019 மார்ச்சில் புது மருந்துகளுக்கும் ட்ரையல்களுக்குமான புதிய விதிகளே வந்தன. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். மருந்தின் நல்லது கெட்டது எல்லாம் அவளுக்குப் புரிகிற மொழியில், தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு பேரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை தர வேண்டும், நஷ்ட ஈடும் உண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எலிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

"சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்களோ" என்றும் அம்மா கேட்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிற இடத்தில் அதைப் பறித்துவிட்டு வெறும் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் வழக்கமான சிகிச்சையைக் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் புதியதைச் சேர்ப்பார்கள். எந்த மருந்தும் மிச்சமில்லாத கட்டத்தில் மட்டும் சில சமயம் வெறும் மாத்திரையோடு ஒப்பிடுவது உண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பசோபனிப் என்ற மாத்திரையை அப்படித்தான் சோதித்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒன்றரை மாதத்தில் நோய் கூடியது, மருந்து எடுத்தவர்களுக்கு நாலரை மாதம் ஆனது. 2012இல் அனுமதி கிடைத்தது. தங்கைக்குக் கீமோ கேட்காமல் போனால் அடுத்து யோசிக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று.

இங்கே ட்ரையல் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுதான் மென்திசு சர்கோமா. அந்த ஒன்றுக்குள்ளேயும் 70க்கு மேற்பட்ட உட்பிரிவுகள். அதனால் ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய மையங்களில்தான் நடக்கும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா மெமோரியல் மாதிரி இடங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆங்கிலம் படிக்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சைனோவியல் சர்கோமா என்று மட்டும் தேடினால் சிலது தப்பிவிடும். சாஃப்ட் டிஷ்யூ சர்கோமா என்றும், பரவிய திடக் கட்டிகள் என்ற பொதுத் தலைப்பிலும் தேடுங்கள். இப்போது ஆள் சேர்க்கிறார்களா, எந்த மருத்துவமனை, இதற்கு முன் எத்தனை விதக் கீமோ எடுத்திருக்கலாம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது ட்ரையல் என்று சொல்லி மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டால், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த ட்ரையலுக்கும் முதலில் கேட்பது பயாப்சி ப்ளாக்கைத்தான். முதல் ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்துப் பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். அந்த ப்ளாக்கையும் ஸ்லைடுகளையும் நர்சிங் ஹோம், பெரிய மருத்துவமனை இரண்டு இடங்களிலிருந்தும் இந்த வாரமே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள். நாள் போனால் சில கூடங்களில் கிடைக்காது. சர்கோமாவை அடிக்கடி பார்க்கிற நோய்க்குறியியல் நிபுணர் ஒருவர் அதை மறுபடி பார்க்கட்டும். சைனோவியல் சர்கோமாவில் எஸ்.எஸ்.18 என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருக்கும். ஃபிஷ் (FISH) என்ற மரபணு டெஸ்ட்டில் அது தெரிந்துவிடும். தங்கைக்கு அது செய்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். சர்கோமாவில் இரண்டாவது பார்வையில் நோயின் பெயரே மாறுவது அபூர்வமில்லை. பெயர் மாறினால் கீமோ மாறும், தேட வேண்டிய ட்ரையலும் மாறும். செல் சிகிச்சைக்கான எச்.எல்.ஏ. டெஸ்ட்டுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். அது கேட்கிற ஒரு ட்ரையல் கிடைத்தால் அவர்களே செய்துகொள்வார்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லை என்றால் சேலம் கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். வேலூர், சென்னை போக நேர்ந்தால் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ ஆரம்பித்த பின் தங்கையை உடனே ஏற்காட்டுக்கு அனுப்பாதீர்கள். மருந்து ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். நடு ராத்திரியில் நாகலூரிலிருந்து வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவது நடக்கிற காரியமா? அந்த நாட்களில் உங்களோடு சேலத்திலேயே இருக்கட்டும், அம்மா கீழே வந்து தங்கட்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐஃபாஸ்ஃபமைடு சினைப்பையைப் பாதிக்கக்கூடியது. தங்கைக்கு 24 வயது. பிற்காலத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள, கருமுட்டையைச் சேமித்து வைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. கீமோவுக்கு முன்னால், சுமார் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். எல்லோருக்கும் அது பொருந்தாது, நுரையீரல் நிலைமை அவ்வளவு நாள் தாங்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கிற வாய்ப்பே அவளுக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

கேட்க வேண்டும் என்றால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாமல் போகிற போக்கில் சொன்ன விஷயத்தைத்தான் நான் இந்தக் கடிதத்தில் பெரிதாகப் பார்க்கிறேன். பதினெட்டு வயது தாண்டிய ஒருவரை, அவருக்கே என்ன நோய் என்று சொல்லாமல் எந்த ட்ரையலிலும் சேர்க்க முடியாது. ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயர் இருக்கும். கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும், உங்களுடையதோ அப்பாவுடையதோ செல்லாது. ட்ரையலை விடுங்கள், கீமோவுக்கும் இதே நியாயம்தான். முடி கொட்டும்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

ரேடியேஷன் வார்டில் தினமும் வரிசையில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று தெரிந்திருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஊகித்துவிடுகிறார்கள். வீட்டார் வருத்தப்படுவார்களே என்று தெரியாதது மாதிரி இருந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

நீங்களே தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்றில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, "தங்கைக்கு இன்னும் முழுசாகத் தெரியாது, நீங்கள் சொல்ல வேண்டும், நாங்கள் கூட இருக்கிறோம்" என்று முன்பே நர்ஸிடம் சொல்லி நேரம் வாங்குங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று அவளையே கேட்டுவிட்டு ஆரம்பிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலர் அடுத்து என்ன என்று மட்டும் கேட்பார்கள். ஒரு நோட்டும் பேனாவும் அவள் கையில் கொடுங்கள். புள்ளிகள் எத்தனை, வெட்டி எடுக்க முடியுமா, கருமுட்டை, ப்ளாக், ட்ரையல் என்று நான் மேலே எழுதிய கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம், அவளே கேட்கட்டும். ஃபிஷ் ரிப்போர்ட்டும் மறுபார்வை ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த முறை அவளே எழுதினாலும் சரி.